கையால லோடு பண்ண ரிவால்வர் தோட்டா சேம்பர்ல இறங்க மாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல வார்த்தை விஷயம் ஒண்ணு. நம்ம பேச்சுல தோட்டான்னாலும் குண்டுன்னாலும் ஒண்ணுதான்னு ஓட்டிடுவோம், ஆனா இங்க அப்படி குழப்பிக்கிட்டா ஒண்ணும் புரியாது. இந்தப் பக்கத்துல தோட்டா, ரவுண்டுன்னா முழுசா லோடு பண்ணது. குண்டுன்னா முன்னாடி பறந்து போறது மட்டும். கேஸ்னா பித்தளைக் கூடு, அதோட அடி விளிம்புதான் ரிம். பிரைமர்னா கேஸ் அடில இருக்கிற, அடி வாங்கினா பவுடரைப் பத்த வைக்கிற சின்ன மூடி. சேம்பர்னா சிலிண்டர்ல தோட்டா இறங்குற துளை. பிரஸ்னா லோடு பண்ற கை மெஷின், டைன்னா அதுல மாட்டுற அச்சு. சைஸ் பண்றதுன்னா சுட்டு விரிஞ்ச கேஸைத் திரும்ப அளவுக்கு நெருக்குறது. கிரிம்ப்னா கேஸ் வாயைக் குண்டு மேல இறுக்குறது. உதாரணம் பெரும்பாலும் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் வச்சுதான் சொல்லப்போறேன், .44, .45 கோல்ட்டுக்கும் கதை கிட்டத்தட்ட இதேதான், அளவுதான் மாறும். லைசென்ஸ், சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேற, அதை உங்க ஊர்ல சரிபார்த்துட்டுதான் பிரஸ்ஸுல கை வைக்கணும். பவுடர் எவ்வளவுங்கிற கேள்விக்கு இங்க பதில் கிடையாது, அதுக்கு அச்சடிச்ச லோடிங் மேனுவல் மட்டும்தான்.

ரவுண்டு முக்கால்வாசி இறங்கி நின்னுடுது. முதல்ல எதைத் திருப்பணும்?

எதையும் திருப்பாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், நானும் பண்ணேன். இறங்கலன்னதும் "கிரிம்ப் பத்தல போல"ன்னு டையைக் கால் சுத்து இறக்குவோம், அது இன்னும் மோசமாகும், திரும்பக் கால் சுத்து இறக்குவோம், இப்படியே போய் நான் ஒரு சாயங்காலம் முழுக்க லோடு பண்ணது அத்தனையும் மறுநாள் உக்காந்து பிரிச்சேன்.

எந்த ஸ்டெப்ல கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலையே. ஒரு காலி கேஸை சைஸ் பண்ணி சேம்பர்ல போடுங்க. "டொக்"குன்னு விழுந்து, கவுத்தா தானா வெளிய விழணும். அது விழலன்னா பிரச்சினை சைஸிங்லயோ கேஸ்லயோ இருக்கு, குண்டு கிரிம்ப்னு யோசிக்கவே வேண்டாம். அது விழுந்துச்சுன்னா அடுத்து பிரைமரும் பவுடரும் இல்லாம ஒரு டம்மி பண்ணுங்க, குண்டை மட்டும் உக்கார வச்சு குண்டு நுழையறதுக்காக கேஸ் வாயை விரிச்ச விரிப்பை மட்டும் நேராக்கிட்டு போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் முழு கிரிம்ப் போட்டு இன்னொரு தடவை. எந்த இடத்துல விழுறது நிக்குதோ அதுதான் குற்றவாளி. மூணு டம்மில முடியற வேலை இது.

சேம்பர்ல போட்டுப் பார்க்கிறதுன்னா சிலிண்டரைத் துப்பாக்கிலருந்து கழட்டி வச்சு பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால இழுக்க வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன்ல பேஸ் பின்னை (சிலிண்டர் சுத்துற அச்சுக் கம்பி) உருவினா சிலிண்டர் கையில வந்துடும். கழட்ட வராத மாடல்னா திறந்தே வச்சுக்கோங்க, உசுருள்ள ரவுண்டை, அதாவது பவுடரும் பிரைமரும் இருக்கிறதை, போட்டு மூடி டெஸ்ட் பண்ற வேலை மேஜைல வேண்டவே வேண்டாம்.

எங்க முட்டுதுன்னு கண்ணால எப்படிப் பார்க்கிறது?

கறுப்பு மார்க்கர் பேனா. டம்மியை முழுக்க பூசி, காய விட்டு, சேம்பர்ல விட்டு நிக்கிற இடம் வரைக்கும் லேசா அழுத்தி ரெண்டு திருப்பு திருப்பி வெளிய எடுங்க. மை எங்க வழிச்சுப் போயிருக்கோ அங்கதான் முட்டுது. கேஸ் வாய் விளிம்புல மட்டும்னா விரிப்பு மிச்சம் இருக்கு. கிரிம்ப்புக்குக் கீழ ஒரு மோதிரம் மாதிரி அழிஞ்சிருந்தா கிரிம்ப் உப்பல். இன்னும் கீழ, குண்டோட அடிப்பகுதி இருக்கிற உயரத்துல அழிஞ்சிருந்தா குண்டு தடிமன், இல்லன்னா கேஸ் சுவர் தடிமன். ஒரு பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா குண்டு கோணலா உக்காந்திருக்கு. ரிம் பக்கத்துல அழிஞ்சிருந்தா சைஸிங் டை அடி வரைக்கும் போகல. கேஸ்ல ஒண்ணுமே அழியாம குண்டோட தோள்ல மை போயிருந்தா அது த்ரோட்ல, அதாவது சேம்பரோட முன்பக்கம் குறுகுற இடத்துல முட்டுது.

பத்துப் பைசா செலவில்லாத டெஸ்ட் இது, ஆனா காலிப்பர்ங்கிற அளக்கிற கருவியை வச்சுக்கிட்டு முழிக்கிறதை விட வேகமா பதில் சொல்லும்.

கிரிம்ப் உப்பல்னு எல்லாரும் சொல்றாங்களே, அது ஏன் வருது?

இறங்காத ரவுண்டுல பெரும்பாதி இதுதான்ங்கிறது என் அனுபவம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரெண்டு காரணம். முதல் காரணம், குண்டை உக்கார வைக்கிறதையும் கிரிம்ப் பண்றதையும் ஒரே டைல ஒரே இழுப்புல பண்றது. டைக்குள்ள படிக்கட்டு மாதிரி இருக்கிற விளிம்பு கேஸ் வாயை உள்பக்கம் மடக்க ஆரம்பிக்குது, ஆனா குண்டு இன்னும் கீழ இறங்கி முடியல. வாய் குண்டைக் கவ்விடுச்சு, குண்டு கீழ போகணும்னு தள்ளுது, நடுவுல மாட்டிக்கிட்ட பித்தளை எங்க போகும்? வாய்க்குக் கீழ வெளிப்பக்கமா உப்பும். கண்ணுக்கு லேசுல தெரியாது, விரலை ஓட்டினா தெரியும், காலிப்பர் வச்சா நல்லாத் தெரியும். .38, .357 ரெண்டுலயும் லோடு பண்ண ரவுண்டோட கேஸ் வெளி விட்டம் 0.379 இன்ச்சுக்கு மேல போகக்கூடாது. 0.381, 0.382ன்னு காட்டினா அதோ உங்க ஆளு.

ரெண்டாவது, கேஸ் நீளம் ஒரே மாதிரி இல்லாதது. .38 ஸ்பெஷல் கேஸ் அதிகபட்சம் 1.155 இன்ச், .357 மேக்னம் 1.290. பல கம்பெனி பித்தளையைக் கலந்து வச்சிருந்தா ஒண்ணுக்கொண்ணு 0.010 இன்ச் வரைக்கும் வித்தியாசம் சாதாரணமா வரும். டையை சின்ன கேஸுக்கு செட் பண்ணியிருந்தா நீள கேஸ் வர்றப்போ அந்த 0.010ம் சேர்ந்து கிரிம்ப்பா மாறி நசுங்கும். "நூறுல இருபது மட்டும் இறங்கல, மிச்சம் எல்லாம் ஓகே"ன்னு வர்ற கேள்விக்கு பாதி நேரம் பதில் இதுதான். அந்த இருபதையும் அளந்து பாருங்க, இல்லன்னா ஹெட்ஸ்டாம்பை, அதாவது கேஸ் அடில இருக்கிற கம்பெனி முத்திரையைப் படிங்க, எல்லாம் ஒரே கம்பெனியா இருக்கும். ஒரு தடவை எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு டிரிம் பண்ணிட்டா போதும், நேர் சுவர் ரிவால்வர் கேஸ் அதுக்கப்புறம் லேசுல நீளாது.

ஒரே டைல பண்றவங்க இப்படி செட் பண்ணுங்க: டை உடம்பை நல்லா மேல தூக்கி வச்சுக்கிட்டு, ஸ்டெம்மை (டை நடுவுல குண்டைத் தள்ளுற கம்பி) மட்டும் இறக்கி இறக்கி டம்மில குண்டை கிரிம்ப் பள்ளத்தோட (கேஸ் வாய் மடங்கறதுக்குன்னு குண்டைச் சுத்தி இருக்கிற பள்ளம்) நடு வரைக்கும் உக்கார வைங்க. இப்ப ஸ்டெம்மை மேல எடுத்துட்டு, அதே டம்மியை உள்ள வச்சு டை உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி கிரிம்ப் வேணுங்கிற அளவு வந்ததும் பூட்டுங்க. கடைசியா டம்மி உள்ள இருக்கும்போதே ஸ்டெம் குண்டைத் தொடுற வரைக்கும் இறக்கிப் பூட்டுங்க. பொறுமை இல்லன்னா தனி கிரிம்ப் டை வாங்கி ரெண்டு ஸ்டெப்பாப் பண்ணுங்க, இந்தத் தலைவலியே வராது, நான் அப்படித்தான் மாறினேன்.

இன்னொண்ணு, பள்ளமே இல்லாத குண்டுல, பூச்சு போட்ட பிளேட்டட் குண்டு பெரும்பாலும் அப்படித்தான் வரும், அதுல வாயை உள்பக்கம் மடக்குற ரோல் கிரிம்ப்பை இறுக்கினா வாய் மடங்க இடமே இல்ல, உப்பும், பூச்சையும் வெட்டும். அதுக்கு வாயை மடக்காம நேரா நெருக்குற டேப்பர் கிரிம்ப்.

கேஸ் வாய் விரிப்பு மிச்சம் இருக்கான்னு எப்படித் தெரியும்?

காலிப்பரோட ரெண்டு தாடைக்கும் நடுவுல ரவுண்டைப் படுக்க வைங்க, வாய்ப்பக்கம் வெளிச்சம் தெரியாம உடம்புப்பக்கம் வெளிச்சம் தெரிஞ்சா விரிப்பு இருக்கு. கிரிம்ப் டையை எட்டுல ஒரு பங்கு சுத்து இறக்கிப் பாருங்க. வேற ஒண்ணும் இல்ல. விரிக்கும்போதே அளவா, குண்டோட அடி வாய்ல நிக்கிற அளவுக்கு மட்டும் விரிச்சா போதும், புனல் மாதிரி விரிச்சு விரிச்சு வேலை வாங்கினா பித்தளை வாய்ல வெடிப்பு சீக்கிரம் வந்துடும், நிக்கல் பூசின கேஸ்ல இன்னும் சீக்கிரம்.

ஜாக்கெட் குண்டு (செம்பு உறை போட்டது) போட்டா இறங்குது, வார்த்த ஈயக் குண்டு போட்டா இறங்கல. ஏன்?

ஜாக்கெட் குண்டு 0.357 இன்ச், வார்த்த ஈயம் வழக்கமா 0.358, சில பேர் பேரல்ல ஈயம் அப்பாம இருக்கட்டும்னு 0.360 கூடப் போடுறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க: 0.358 குண்டு, ரெண்டு பக்கமும் 0.010 சுவர், மொத்தம் 0.378, சரியா உள்ள வந்துடுச்சு. அதே 0.360 குண்டு, சுவர் 0.012 இருக்கிற தடிச்ச பித்தளைன்னா 0.384. எந்த சேம்பர்ல இறங்கும் அது?

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கேஸ் சுவர் மேல மெல்லிசா இருந்து கீழ போகப் போக தடிக்கும். அதனால ஆழமா உக்கார்ற குண்டு, மூக்கே இல்லாம தட்டையா இருக்கிற வாட்கட்டர் மாதிரி, அடிப்பக்கம் தடிச்ச சுவரை வெளிய தள்ளும். வாட்கட்டருக்குன்னே செஞ்ச பித்தளைல சுவர் ஆழம் வரைக்கும் மெல்லிசா விட்டிருப்பாங்க, காரணம் இதுதான். வாட்கட்டர் மட்டும் இறங்கலன்னு சொல்றவங்க பித்தளையை மாத்திப் பாருங்க.

பவுடர் கோட்டிங் (ஈயக் குண்டு மேல பெயிண்ட் பொடி பூசுறது, வெடிக்கிற பவுடர் இல்ல) பண்றவங்களுக்கு: பூச்சு விட்டத்தைக் கூட்டும். கோட்டிங் பண்ணதுக்கு அப்புறம் குண்டுக்கான சைஸிங் டைல ஒரு தடவை தள்ளி எடுங்க, முன்னாடி சைஸ் பண்ணிட்டேன்னு விட்டுடாதீங்க.

அப்புறம் த்ரோட். லோடு பண்ணாத வெறும் குண்டை எடுத்து சிலிண்டரோட முன்பக்கத்துலருந்து ஒவ்வொரு துளைலயும் தள்ளிப் பாருங்க. பென்சில் வச்சு லேசாத் தள்ளினா போகணும். சுத்தியல் கேட்டா அந்தக் குண்டு உங்க துப்பாக்கிக்குப் பெருசு. குண்டோட தோள் கேஸ் வாய்க்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற செமி வாட்கட்டர் மாதிரி வடிவத்துல இது முதல்ல மாட்டும்.

லோடு பண்ண ரவுண்டு நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கித் தெரியுது, குண்டு இருக்கிற இடம் புடைச்சுத் தெரியுது. கெட்டுப்போச்சா?

இல்ல. கார்பைட் சைஸிங் டை (கெட்டியான கார்பைட் வளையம் வச்சது) கேஸை மேலருந்து கீழ வரைக்கும் ஒரே விட்டத்துக்கு நெருக்குது, அப்புறம் குண்டு உள்ள போற இடம் மட்டும் விரியுது. குண்டைக் கேஸ் நல்லாப் பிடிச்சிருக்குன்னுதான் அர்த்தம். எல்லாப் பக்கமும் சமமா இருக்கணும், சேம்பர்ல விழணும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் புடைச்சிருந்தாதான் பிரச்சினை: குண்டு கோணலா நுழைஞ்சிருக்கு, இல்ல ஸ்டெம்மோட குழி குண்டு மூக்குக்குப் பொருந்தல. தட்டை மூக்கு குண்டுக்கு உருண்டை மூக்கு ஸ்டெம் போட்டா இப்படி ஆகும். கேஸ் வாயை விரிக்கிற எக்ஸ்பாண்டர் ஜாக்கெட் குண்டுக்கான அளவுல இருந்தாலும் ஈயக் குண்டு கோணிக்கும்.

சைஸ் பண்ண காலி கேஸே விழல. இது என்ன?

டை, கேஸைப் பிடிச்சிருக்கிற ஷெல்ஹோல்டரைத் தொடுற வரைக்கும் இறங்கியிருக்கான்னு பாருங்க. கார்பைட் வளையம் நொறுங்கிடும்னு பயந்து சில பேர் ரொம்ப மேல நிறுத்திடுவாங்க. இடிக்கவும் வேண்டாம், தள்ளி நிக்கவும் வேண்டாம், தொட்டும் தொடாம இருக்கட்டும். வளையத்தோட வாய் கொஞ்சம் வளைவா இருக்கும், அதனால ரிம்முக்கு மேல ஒரு சின்ன பட்டை எப்பவும் நெருங்காமத்தான் நிக்கும், பெரும்பாலான சேம்பருக்கு அது பிரச்சினை இல்ல. வேற யாரோ லூசான சேம்பர்ல சுட்ட கேஸை வாங்கிட்டு வந்திருந்தா அந்தப் பட்டை உங்க சேம்பர்ல முட்டலாம். ரிம்ல பிசிறு, கேஸ்ல நீள வெடிப்பு, இதையும் ஒரு பார்வை பாருங்க. வெடிச்சதைக் குப்பைல போடுங்க.

பழைய .38 எஸ் அண்ட் டபிள்யூ கேஸ் தப்பித்தவறி கலந்திருக்கான்னும் பாருங்க. பேர் ஒரே மாதிரி, ஆனா அது .38 ஸ்பெஷலை விடத் தடிமன், குண்டும் 0.361 இன்ச். .38 ஸ்பெஷல் சேம்பர்ல போகவே போகாது.

.38 இறங்குது, .357 மட்டும் கடைசில டைட்டாகி நிக்குது.

சேம்பரைக் கழுவுங்க. தோட்டா மேல தப்பே இல்ல.

.38 ஸ்பெஷல் கேஸ் .357ஐ விட 0.135 இன்ச் குட்டை. 1930கள்ல .357ஐக் கொண்டு வந்தப்போ அது பழைய .38 துப்பாக்கில போய் உக்காரக்கூடாதுன்னே நீளமா வச்சாங்க. .357 ரிவால்வர்ல .38ஐ நிறைய சுட்டா அந்தக் குட்டை கேஸ் வாய்க்கு முன்னாடி கரியும் ஈயமும் லூப்ரிகண்டும் சேர்ந்து ஒரு மோதிரம் கட்டிடும். அப்புறம் .357 வந்து அந்த மோதிரத்துல முட்டும். அழுத்தினா போயிடும்தான், ஆனா அப்படிப் பண்ணாதீங்க, கேஸ் வாய் விரிய இடமில்லாம குண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா அழுத்தம் ஏறும், சுட்ட கேஸ் வெளிய வரவும் அடம் பிடிக்கும்.

சால்வென்ட்ல ஊற விட்டு, சேம்பருக்குன்னு விக்கிற கொஞ்சம் பெரிய பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ங்க. ஒரு காலி .357 கேஸோட வாயை நல்லா விரிச்சு அதையே சுரண்டியா உள்ள தள்ளித் திருப்பினாலும் மோதிரம் பெயர்ந்து வரும், பித்தளை எஃகைக் கீறாது. டிரில்லு, உப்புத்தாள்னு கிளம்பாதீங்க.

ஆறுல நாலு துளைல விழுது, ரெண்டுல விழல. தோட்டா தப்பா, துப்பாக்கி தப்பா?

அதே ரவுண்டை ஆறு துளைலயும் போட்டுப் பாருங்க, துளைக்கு மார்க்கர்ல நம்பர் எழுதிக்கிட்டு. எப்பவும் அந்த ரெண்டு துளைதான்னா முதல்ல சுத்தம் பண்ணுங்க, அப்பவும் அப்படியேன்னா அந்த ரெண்டு துளை அளவுல சின்னது. துப்பாக்கி ரிப்பேர்காரர் ரீமர் போட்டு சரி பண்ணுவார், இல்ல நீங்க அந்த சின்ன துளைக்குத் தகுந்த மாதிரி லோடு பண்ணணும். கடைல வாங்கின கேஜ்ல (தோட்டா அளவு பார்க்கிற துளைக்கட்டை) விழுது, சேம்பர்ல விழலங்கிற கேள்வியும் இதே ஜாதிதான். கேஜ் ஒரு பொது அளவு, த்ரோட்டைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க சிலிண்டர்தான் நீதிபதி.

ரவுண்டு நல்லா இறங்குது, ஆனா சிலிண்டரை மூடினா சுத்தல, உரசுது.

துப்பாக்கியோட வாயை ரேஞ்சுல குறி இருக்கிற பக்கமே வச்சுக்கிட்டு மெதுவாத் திறந்து எல்லாத்தையும் வெளிய எடுங்க, கட்டாயப்படுத்தி சுத்த வேண்டாம். அப்புறம் பிரைமரை விரலால தடவுங்க. சமமா இருக்கணும், நல்லா உக்காந்தது 0.003லருந்து 0.005 இன்ச் உள்வாங்கியிருக்கும். விரல்ல மேடு தட்டினா அதுதான் பின்பக்கம் உரசுது. பிரைமர் குழில கரி இருந்தா, இல்ல கை அழுத்தம் பத்தலன்னா இப்படி நிக்கும். முதல் அடில வெடிக்காம ரெண்டாவது அடில வெடிக்கிற ரவுண்டும் பல நேரம் இந்த வகைதான், முதல் அடி பிரைமரை உக்கார வைக்கிறதுலயே வீணாப் போகுது. பவுடர் உள்ள இருக்கிற ரவுண்டுல பிரைமரை இன்னும் அழுத்தி உக்கார வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், பிரிச்சிடுங்க.

பிரைமர் சரியா இருந்தா எஜெக்டர் ஸ்டாருக்கு (சுட்ட கேஸை வெளிய தள்ளுற நட்சத்திரத் தகடு) அடில பாருங்க, எரியாத ரெண்டு பவுடர் துணுக்கு போதும் ரிம்மைத் தூக்கி விட. டூத் பிரஷ் வேலை. மூன் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகடு) போடுற .45 ஏசிபி ரிவால்வர்னா கிளிப் வளைஞ்சிருக்கான்னு தட்டையான கண்ணாடில வச்சுப் பாருங்க.

முதல் மூணு நாலு சுட்டதும் சிலிண்டர் மாட்டிக்குது. ஆரம்பத்துல நல்லாத்தான் சுத்துச்சு.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு, ஒண்ணு தொல்லை, இன்னொண்ணு ஆபத்து.

தொல்லை: குண்டு நகர்றது. ரீகாயில்ல, அதாவது சுட்ட உதைப்புல, துப்பாக்கியும் கேஸும் பின்னாடி துள்ளும், குண்டு தன் கனத்தால இருந்த இடத்துலயே நிக்கப் பார்க்கும், அதனால இன்னும் சுடாத ரவுண்டுல குண்டு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி உருவிக்கிட்டு வந்து சிலிண்டர் முகப்பைத் தாண்டி பேரல்ல இடிக்கும். லேசான துப்பாக்கில கனமான லோடுன்னா கேக்கவே வேண்டாம். அஞ்சு சுட்டுட்டு ஆறாவதை எடுத்து நீளத்தை அளந்து பாருங்க, முன்ன அளந்ததை விடக் கூடியிருந்தா உறுதி. கிரிம்ப்பை மட்டும் இறுக்கி இதைத் தீர்க்கப் பார்த்தா மேல சொன்ன உப்பல் வந்து நிக்கும். கேஸ் குண்டைப் பிடிக்கிற பிடிதான் முக்கியம், எக்ஸ்பாண்டர் குண்டை விட 0.002, 0.003 இன்ச்சாவது சின்னதா இருக்கணும், கிரிம்ப் அதுக்கு மேல பூட்டு மாதிரி.

ஆபத்து: சத்தம் சின்னதா "புஸ்"ஸுன்னு வந்து அப்புறம் சிலிண்டர் மாட்டிக்கிச்சுன்னா குண்டு பாதி சிலிண்டர்லயும் பாதி பேரல்லயும் நின்னிருக்கலாம். பவுடர் விழாம பிரைமர் மட்டும் தள்ளினா இப்படித்தான். இன்னொரு தடவை டிரிக்கர் இழுக்கவே கூடாது. சுடுறதை நிறுத்திட்டு, மத்த துளைகள்ல உசுருள்ள ரவுண்டு இருக்குங்கிறதை மறக்காம, ரேஞ்சு ஆளையோ ரிப்பேர்காரரையோ கூப்பிடுங்க.

கடைசில சைஸ் பண்ணி விடுற கார்பைட் கிரிம்ப் டை இருக்கே, அதுல ஓட்டினா எல்லாம் இறங்குமே?

இறங்கும். ஜாக்கெட் குண்டுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஈயக் குண்டுக்குத்தான் எனக்குப் பிடிக்கல. வளையம் நெருக்கும்போது உள்ள இருக்கிற ஈயமும் சேர்ந்து நசுங்குது, வெளிய வந்ததும் பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், ஈயம் விரியாது. ஆக பிடி லூசாகும், குண்டு பேரலை விட சின்னதாகி ஈயம் அப்பும். ரவுண்டு அந்த வளையத்துல கரகரன்னு இறுகிப் போகுதுன்னா முன்னாடி ஏதோ ஒரு ஸ்டெப் தப்பா இருக்குன்னு அது சொல்லுது, அதைக் காது கொடுத்துக் கேளுங்க.

கட்டை விரலால அழுத்தினா போயிடுது. அப்படியே சுடலாமா?

லேசா ஒரு தொடு தொட்டு உக்காந்தா ஈய லூப்ரிகண்ட் பிசுக்கா இருக்கலாம், ஓகே. தம் கட்டி அழுத்தணும்னா வேண்டாம். எதையாவது வச்சுத் தட்டி உள்ள ஏத்துறது எந்தக் காலத்திலும் கூடாது, உள்ள இருக்கிறது பிரைமர்.

இறங்காத ரவுண்டு அறுபது இருக்கு. என்ன பண்றது?

விரிப்பு மட்டும் மிச்சம்னா ஸ்டெம்மை மேல தூக்கிட்டு கிரிம்ப் டைல இன்னொரு தடவை விடுங்க, சரியாயிடும். உப்பினது, கோணினது, மேடான பிரைமர் எல்லாம் பிரிக்கணும். சுத்தியல் மாதிரி தட்டிக் குண்டை உருவுற இனர்ஷியா புல்லர் போதும், கண்ணாடி போட்டுக்கிட்டு, கெட்டியான மரக்கட்டை மேல. பவுடரைத் திரும்ப டப்பால கொட்டாதீங்க, எது எதுலருந்து வந்துச்சுன்னு நிச்சயமாத் தெரியாதப்போ கலந்துட்டா தொலைஞ்சீங்க. லோடு பண்ண ரவுண்டை டீகேப் பின் (பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கிற ஊசி) இருக்கிற சைஸிங் டைல விடவே கூடாது, பின் நேரா பிரைமரைத்தான் குத்தும்.

அறுபதையும் பிரிக்க ஒரு சாயங்காலம் போகும். பித்தளையும் குண்டும் மிஞ்சும். அடுத்த தடவை முதல் டம்மி சிலிண்டர்ல "டொக்"குன்னு விழுற வரைக்கும் பவுடர் டப்பாவோட மூடியைத் திறக்காம இருங்க.